ஷ்ராப்ஷயர்ல ஆடு மட்டும்தானா பாப்பா?

பாப்பாவுக்கு,

ஞாயித்துக்கிழமை இங்கிலாந்துலேந்து போன்ல "இந்த ஷ்ராப்ஷயர்ல என்னப்பா இருக்கு, ஆடும் மழையும்தான்"னு அலுத்துக்கிட்ட. பதில் சொல்றதுக்குள்ள டூட்டிக்கு டைம் ஆச்சுன்னு வெச்சுட்ட, அதான் டைப் பண்றேன்.

லீவு வந்தா லண்டனுக்கு ஓடாத, மொதல்ல அயர்ன்பிரிட்ஜுக்கு போ. உங்க ஷ்ரூஸ்பரி ஊர சுத்தி ஓடுது பாரு செவர்ன் ஆறு, அதே ஆத்து மேலதான் அந்தப் பாலம். உலகத்துலயே இரும்புல கட்டின மொத பெரிய பாலம் அது. அதுக்கு முன்னாடி இரும்பு உருக்க மரக்கரிதான், காட்ட வெட்டி எரிச்சிக்கிட்டே எத்தன நாள் ஓட்ட முடியும் சொல்லு. பக்கத்துல கோல்புரூக்டேல்ல ஆபிரகாம் டார்பின்னு ஒருத்தர், பானை சட்டி வார்க்குறவர்தான், 1709ல நிலக்கரிய சுட்டெடுத்த 'கோக்'குங்கிற கரிய வெச்சு இரும்பு உருக்கிக் காட்டிட்டாரு, அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கே உலைக்களமா ஆயிடுச்சு. அவரோட பேரன், அவர் பேரும் ஆபிரகாம் டார்பிதான், 1779ல பாலத்த தூக்கி நிறுத்தினாரு, 1781 புத்தாண்டு அன்னிக்கு தொறந்தாங்க. 30 மீட்டர் ஒரே வளைவு, ஏறக்குறைய 378 டன் இரும்பு. கணக்குக்கு மேல செலவாகி பாவம் அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கடன்லயே கெடந்தாரு.

முப்பது வருஷம் ஃபேப்ரிகேஷன் ஷாப்ல நின்னவன் சொல்றேன், மேல நடந்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வந்துடாத, கீழ எறங்கி ஜாயின்ட்ட பாரு. அந்த அளவுல இரும்ப கோக்க தனி முறைன்னு ஒண்ணு அப்ப யாருக்கும் தெரியாது, அதனால மரவேல ஆசாரி மாதிரியே ஒண்ணுல துளை விட்டு இன்னொண்ண சொருகி ஆப்பு அடிச்சிருக்காங்க. இரும்புல தச்சு வேல! அங்க சுங்க போர்டு ஒண்ணும் இருக்கு, ராஜ குடும்பமே வந்தாலும் காசு கட்டணும்னு எழுதியிருக்கும், நம்ம டோல்கேட்ல எழுதி வெக்கணும் அத.

அடுத்தது நீ தெனம் தாண்டிப் போற இடம்தான், டவுன் ஸ்கொயர்ல நிக்கிற கிளைவ் சிலை. நம்ம ஆற்காட்டு கிளைவேதான், 1725ல மார்க்கெட் டிரேட்டன் பக்கத்துல பொறந்தவன். சின்ன வயசுல கடைக்காரங்கள மெரட்டி மாமூல் வாங்கினான்னு அந்த ஊர்லயே கதை சொல்வாங்க, நெசமோ பொய்யோ, பின்னாடி செஞ்சத பாத்தா நம்பத்தான் தோணுது. 1744ல மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி கிளார்க்கா வந்து எறங்கினான், 1751ல ஆற்காட்டு கோட்டைய புடிச்சான், அம்பது நாள் முற்றுகைலயும் விடல. நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ பாலாத்துப் பக்கம் டெல்லி கேட்டுக்கு கூட்டிட்டுப் போவேனே, அந்தக் கோட்டைல மிச்சம் இருக்குறது அதான். அப்புறம் வங்காளம், அங்க அடிச்ச பணம், அந்தப் பணத்தோட போயி ஷ்ரூஸ்பரிக்கே எம்பி. 2020ல சிலைய எடுக்கணும்னு பெட்டிஷன் போட்டாங்க, கவுன்சில் வேணாம்னுடுச்சு. என்னக் கேட்டா நிக்கட்டும், ஆனா ஆற்காட்டுல நடந்ததையும் சேத்து எழுதி வெக்கட்டும்.

அதே ஊர்ல லைப்ரரி வாசல்ல டார்வின் உக்காந்திருப்பாரு, அந்த லைப்ரரி கட்டடம்தான் அவர் படிச்ச பழைய ஸ்கூல். நான் கும்புடுறதா இருந்தா அவரத்தான்.

ராக்ஸிட்டர்ல ரோமன் காலத்து செவுரு, லட்லோல கோட்டை, அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். ஆனா மச் வென்லாக்ங்கிற ஊர விட்டுடாத. பென்னி புரூக்ஸ்னு ஒரு டாக்டர் 1850லயே அங்க ஒலிம்பிக் மாதிரி போட்டி நடத்த ஆரம்பிச்சாரு, 1890ல, இப்ப நடக்குற ஒலிம்பிக்க ஆரம்பிச்சு வெச்ச கூபெர்டின் வந்து பாத்துட்டுப் போனாரு, ஆறு வருஷத்துல ஏதென்ஸ்ல அந்த மொத ஒலிம்பிக் நடந்தது ஒலகத்துக்கே தெரியும். டாக்டர் அதுக்கு நாலு மாசம் முன்னாடி போய்ச் சேந்துட்டாரு. 2012 லண்டன் ஒலிம்பிக் பொம்மைக்கு வென்லாக்னு பேர் வெச்சது அதனாலதான்.

பஸ் எப்ப வரும்னு முன்னாடியே பாத்துக்கோ, கிராமத்துப் பக்கம் ஞாயித்துக்கிழமைய நம்பாத. அந்த ஆப்பு அடிச்ச எடத்த கிட்டப் போயி ஃபோட்டோ எடுத்து அனுப்பு, பழைய ஷாப் ஆளுங்க குரூப்ல போடணும்.

அப்பா