விலைச்சீட்டில் இல்லாத செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிடைமருதூர் வட்டத்துக் கிராமமொன்றில் வசிக்கும் நான், எங்கள் வீட்டில் 12 ஆண்டுகள் ஓடிய ஒன்றரை டன் ஏ.சி.யைக் கடந்த சித்திரையில் மாற்றினேன். கடையில் சொன்ன விலை 38,500 ரூபாய். வேலை முடிந்தபோது என் கையைவிட்டுப் போயிருந்தது 52,200 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 13,700 ரூபாயில், பொருத்துகூலி 1,500 ரூபாய்க்கு மட்டுமே ரசீது கிடைத்தது. மீதித் தொகையைப் பற்றித்தான் இக்கடிதம்.

ஆடம்பரத்துக்காக நாங்கள் ஏ.சி. வைத்துக்கொள்ளவில்லை. முற்றத்தோடு கூடிய ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடாகக் கட்டிய பிறகு, பகல் முழுதும் காய்ந்த தளம் இரவு முழுதும் வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் புழுக்கம் வேறு. படுக்கையில் இருக்கும் 84 வயது அம்மாவுக்கு மின்விசிறிக் காற்று போதவில்லை.

பழைய இயந்திரத்தில் ‘காயில்’ எனப்படும், வாயு ஓடும் சுருள் குழாய் கசிந்து, இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கேஸ் நிரப்பினோம். அந்த மாடலுக்குக் காயில் இனி வராது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதில் இருந்தது ஆர்-22 வாயு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டுவரும் வாயு அது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 வாயுவைப் பழைய இயந்திரத்தில் நிரப்ப முடியாது. அதன் அழுத்தம் அதிகம், அதற்கான எண்ணெய் வேறு, ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உண்டு. ஆகவே அறைக்கு உள்ளே இருக்கும் பெட்டி, வெளியே இருக்கும் பெட்டி இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இதுவரை எனக்குக் குறை ஏதுமில்லை.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வீடு கட்டும்போது, இந்த இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாயைச் சுவருக்குள்ளேயே பதித்துப் பூசிவிட்டோம். இப்பகுதியில் புதிதாகக் கட்டப்படும் வீடுகள் பலவற்றில் இதே வழக்கம்தான். பழைய எண்ணெய்ப் படிவும் கசிவும் உள்ள அந்தக் குழாயில் புதிய இயந்திரத்தை இணைக்க முடியாது என்று, பணம் முழுவதையும் செலுத்திய மறுநாள் ஏ.சி.யைப் பொருத்த வீட்டுக்கு வந்த பையன் சொன்னார். இயந்திரத்தோடு வருவது 3 மீட்டர் குழாய்; எங்களுக்குத் தேவைப்பட்டது 8 மீட்டர். மீட்டருக்கு 950 வீதம் 4,750 ரூபாய். சுவரை உடைத்துப் பூசக் கொத்தனாருக்கு 3,200, தாங்கிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் 1,150, பழையதைக் கழற்ற 700, ஸ்டெபிலைசருக்கு 2,400. கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கியபடி வேலை பார்த்த அந்தப் பையன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் உழைப்புக்கு அந்தக் கூலி குறைவுதான். கடையில் விலை பேசியபோது இவற்றில் ஒன்றைக்கூட என்னிடம் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மையிலேயே உதவியது. ஆனால் என் கணக்கில் அப்படி மிஞ்சிய மூவாயிரத்துச் சொச்சமும் கொத்தனார் கூலியிலேயே கரைந்துவிட்டது.

டெல்டாவில் இந்தச் செலவு வரும் காலத்தையும் பார்க்கவேண்டும். ஏ.சி. பழுதாவது சித்திரை, வைகாசியில். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணம் அதற்குள் உரக்கடைப் பாக்கிக்கும் நகைக்கடனுக்கும் போய்விடுகிறது. அடுத்த பணம் குறுவை அறுவடைக்குப் பிறகுதான். மாசியில் மீட்ட வளையல்களையே மறுபடி அடகு வைத்து அந்த 13,700 ரூபாயைப் புரட்டினேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் அறியும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. செய்த வேலைக்கு ரசீது தராததை முறையற்ற வணிக நடைமுறை என்றும் சொல்கிறது. எனவே மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: பணம் வாங்குமுன் கடையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, குழாயின் நீளம், மீட்டர் விலை, சுவர் வேலை யாருடைய பொறுப்பு, பழையதைக் கழற்றும் கூலி, ஸ்டெபிலைசர் தேவையா என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்ட மதிப்பீடு தருவதைக் கட்டாயமாக்கவேண்டும். காயிலும், பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகையும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். பத்தாண்டு உத்தரவாதம் என்று பெரிதாக எழுதப்படுவது பெரும்பாலும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்கு மட்டுமே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அப்படியொரு தாள் என் கையில் இருந்திருந்தால், வளையல்களை மீட்ட மாசி மாதத்திலேயே அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.