அந்த இரண்டு விளம்பரங்கள் பற்றி

அன்பு சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் நிம்மதி. வீட்டிலிருந்தே தொழில் செய்யலாம் என்ற யோசனையும் நல்லதுதான். நீ சேர்த்து அனுப்பிய விளம்பரங்கள்தான் உறுத்துகின்றன.

முதலாவதில் பணம் கட்டிச் சரக்குப் பெட்டி வாங்கவேண்டும், பிறகு ஆறு பேரைச் சேர்க்கவேண்டும், அவர்கள் தலைக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். பெருக்கிப் பார். பதினோராவது அடுக்கில் 36 கோடியைத் தாண்டும். பதின்மூன்றாவதில் 1,306 கோடி. உலகத்தில் அத்தனை பேர் இல்லை. ஆக, எங்கோ நின்றே தீரும். எந்த அடுக்கில் நின்றாலும், மொத்தப் பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கடைசி அடுக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது.

"பொருள் இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறாய். திட்டத்தில் சேராத ஒருவர் அதே விலைக்கு அதை வாங்குவாரா என்று பார். மாதாமாதம் இவ்வளவு வாங்கினால்தான் கமிஷன் என்று நிபந்தனை இருந்தால், வாடிக்கையாளரே நீதான். விற்காத சரக்கை எத்தனை நாளுக்குள், எவ்வளவு கழித்துக்கொண்டு திரும்ப எடுப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்ததாமே? அது சாட்சியாகாது. 1920-ல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி, தபால் கூப்பன் வியாபாரம் என்று சொல்லி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாக வாக்களித்தான். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடி கொடுக்கவும் செய்தான். கொடுத்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட பணம்.

இரண்டாவது விளம்பரம், உதிரிபாகப் பெட்டி வாங்கி வீட்டில் பொருத்திப் பொருளாக்கித் தரும் வேலை. முன்பணம் கட்டுவாய், செய்து அனுப்புவாய், "தரம் போதவில்லை" என்று திரும்பி வரும். அவர்களுக்கு வருமானம் உன்னிடம் அந்தப் பெட்டியை விற்பதிலேயே வந்துவிடுகிறது. எந்த அளவு பிசகினால் நிராகரிப்பார்கள் என்பதை முன்னாலேயே எழுதித் தரச் சொல், மழுப்பினால் விட்டுவிடு. இன்னொன்று: உன் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறோம், கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. அது பெரும்பாலும் வேறு யாரையோ ஏமாற்றிய பணம். போலீஸ் முதலில் தட்டுவது உன் கதவைத்தான்.

அமெரிக்காவில் இப்படித் தொழில்வாய்ப்பு விற்பவர், பணம் வாங்குவதற்கு 7 நாள் முன்னதாகவே சில விவரங்களை எழுத்தில் தரவேண்டும் என்று விதி உண்டு: தான் யார், தன்மேல் உள்ள வழக்குகள், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை, சொல்லும் வருமானத்துக்கு ஆதாரம், ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியல். அந்த ஐந்தையும் நீயும் கேள். பட்டியல் கொடுத்தாலும் அவர்கள் பொறுக்கிக் காட்டும் ஆட்களோடு நிறுத்திவிடாதே, விலகியவர்களைத் தேடிப் பேசு.

எனக்கென்னவோ, உன் கையிலேயே தொழில் இருக்கிறது. இத்தனை வருடம் கணக்கு எழுதினாய். சிறு வியாபாரிகளுக்கு அதையே மாதக் கட்டணத்துக்குச் செய்யலாம். மென்பொருளும் மேசையும் வாங்குவதற்கு முன் பணம் கொடுக்கச் சம்மதிக்கும் மூன்று பேரைப் பிடி. கட்டணத்தைக் கணக்கு எழுதும் நேரத்துக்கு மட்டும் போடாதே. ரசீது கேட்டுத் துரத்துவது, போனில் பேசுவது, திருத்துவது எல்லாம் சேர்ந்தால் 10 மணி நேர வேலை 15 ஆகிவிடும். பலரும் கையைச் சுட்டுக்கொள்வது அங்கேதான். வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள். வருமானத்தில் பாதிக்குமேல் ஒரே ஆளிடமிருந்து வந்தால் அவர் விலகும் மாதம் திண்டாடுவாய்.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றாராமே அந்த ஏஜென்ட்? ஒப்பந்தத்தை முதலில் அனுப்பச் சொல். என்ன பதில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
ரகு