ஒன்றைக் கழற்றினால் மிச்சம் எவ்வளவு?

பிரியமுள்ள மாப்ளே,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி போனில் சொன்னாள். கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறாயாமே! ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவன் கூடுதலாக ஒரு சப்போர்ட் வேண்டாம் என்பானா?

நான் சனிக்கிழமைகளில் பக்கத்துக் கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். போன வாரம் ஒரு பாலத்தின் டிரஸ் (truss, கம்பிகளை முக்கோணங்களாகக் கோத்த சட்டகம்) வரைந்து, "இதில் ரிடன்டன்சி, அதாவது நிற்கத் தேவையானதற்கு மேல் இருக்கும் உபரித் தாங்கல், எவ்வளவு?" என்று கேட்டேன். உறுப்புகளையும் தாங்குமிடங்களில் எழும் ரியாக்‌ஷன்களையும் கூட்டி, மூட்டுகளின் இருமடங்கைக் கழித்து, "மூன்று சார்" என்றார்கள். நாமும் அப்படிச் சொல்லித்தானே மார்க் வாங்கினோம். அந்த மூன்றும் எங்கே இருக்கிறது என்று நம்மை யாரும் கேட்டதில்லை. மூன்றும் நடுவில் குவிந்திருக்க, ஓரத்தில் ஒற்றை உறுப்பை நம்பிப் பாலம் நின்றால்?

சில்வர் பிரிட்ஜ் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின்மேல் 1928இல் கட்டிய தொங்குபாலம். கேபிளுக்குப் பதில் ஐபார் சங்கிலி, அதாவது முனைகளில் கண்போல ஓட்டையுள்ள எஃகுப் பட்டைகளைக் கோத்தது; கண்ணிக்கு இரண்டே பட்டை. ஜோடியாக இருக்கிறதே என்றுதான் தோன்றும். 1967 டிசம்பர் 15 மாலை, ஒரு பட்டையின் கண்ணோரம் இருந்த சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விரிசல் பிளந்துகொண்டது. தனியாய் நின்ற ஜோடிப்பட்டை, கோத்திருந்த ஆணியை (பின்) கோணலாக இழுக்க, அதுவும் கழன்றது. கோபுரங்களோ அடியில் ஆடும்படி அமைத்தவை; சங்கிலி பிடித்திருந்ததால் நின்றவை. மொத்தமும் ஆற்றில். 46 உயிர்.

அதே அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஹோன் பாலம் நேரெதிர். 2000 டிசம்பரில் ஒரு ஸ்பானின் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) மூன்று கர்டர்களில், அதாவது தளத்தைச் சுமக்கும் நீள உத்திரங்களில், இரண்டு முழு ஆழத்துக்குப் பிளந்தன. தளம் சில அடி தொங்கியது, விழவில்லை.

கணக்கில் ஓர் உறுப்பைக் கழற்றிப் பார்த்துத்தான் ரிடன்டன்சியை அளக்கவேண்டும், இல்லையா? கோஸ்ன், மோசஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல் நெடுஞ்சாலைப் பாலங்களுக்குச் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும். முதன்முதலாக ஓர் உறுப்பு தோற்கும் பளுவை 1 என்று வை. பாலம் முழுசாக 1.3 வரை தாங்கவேண்டும்; முக்கிய உறுப்பு ஒன்றை எடுத்துவிட்டாலும் 0.5 மிஞ்சவேண்டும். ஸ்டீல் யீல்டு ஆன (பழைய வடிவுக்குத் திரும்பாதபடி நெளிந்த) பிறகும் கணக்கைத் தொடரவேண்டும் என்பதுதான் பாடு. நம் காலத்தில் கையால் போட்டிருந்தால் தலைமுடி போயிருக்கும். உனக்கு அப்போதே போய்விட்டது, அது வேறு.

"எதைக் கழற்றுவதென்று எப்படி சார் முடிவு பண்றது?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தை பிறந்ததும் எல்லாரையும் ஒரு பழைய இரும்புப் பாலத்துக்குக் கூட்டிப்போய், துரு எங்கே பிடித்திருக்கிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லப்போகிறேன். அதற்குள் உனக்கும் நடக்க வந்துவிடும். நீயும் வாயேன், தடியோடு.

உன் பழைய ரூம்மேட்