மூடி தொலைந்த பேனாக்கள்

ஆசிரியருக்கு வணக்கம். நெகிழிப் பைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கம் படித்தேன். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை ஒழிக்கும் மலேசிய அரசுத் திட்டம் 2018 முதல் 2030 வரையிலானது. அதில் பைக்கும் உறிஞ்சுகுழலுக்கும் கிடைத்த கவனம் மாணவர்களின் பேனாவுக்குக் கிடைக்கவில்லை. சின்னப் பொருள்தானே என்று தோன்றும். ஆனால் உடல் ஒருவகை நெகிழி, மூடி வேறொரு வகை, முனையில் பித்தளை, அதற்குள் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான சிறு குண்டு. இதையெல்லாம் பிரித்து மறுசுழற்சி செய்ய யார் மெனக்கெடுவார்கள்? எங்கள் தோட்டத்தில் குப்பையோடு குப்பையாக எரிகிறது.

விடுமுறையில் பேரப்பிள்ளைகள் இருவரின் பள்ளிப்பைகளைக் கொட்டிப் பார்த்தேன். 17 பேனா! மை தீர்ந்தவை ஐந்துதான். மற்றவற்றுக்கு மூடி இல்லை, அல்லது நிறம் பிடிக்கவில்லையாம். என் அண்ணன் ஒரே மைப்பேனாவில் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம் வரை எழுதினார். சரி, அந்தக் காலம் திரும்பாது. வெள்ளைச் சட்டை மையாவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். மைக்குழாயை மாற்றக்கூடிய பேனா போதுமே. பள்ளிக் கூட்டுறவுக் கடைகள் அந்த மைக்குழாய்களைத் தனியே விற்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பரிசளிப்பு விழாவில் மலிவுப் பேனாக் கட்டுக்குப் பதில் அத்தகைய பேனா ஒன்றைக் கொடுக்கலாம்.

முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட்