அம்முவுக்கு, அந்த மாத்திரைகளைப் பற்றி

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீடு மாறுகிறாள். அதையெல்லாம் அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா? வேலை என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாத்ரூம் போகவேண்டும் என்று தோன்றினால் அடக்கிவைக்காதே. கால் வீங்குகிறதா? தூக்கம் வருகிறதா?

சரி, எவ்வளவு நேரம் சுற்றி வளைப்பது. அந்த மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டாயா?

சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் 7 நாளுக்கு செஃபலெக்சின் எழுதிக் கொடுத்தார். உனக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு எதற்கு ஆன்டிபயாடிக் என்று நினைத்திருப்பாய். நீ கர்ப்பமாக இல்லாதிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். தொந்தரவு எதுவும் தராமல் சிறுநீரில் இருக்கும் கிருமிக்குப் பெரும்பாலும் மருந்து கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்குக் கணக்கு வேறு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது, வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது, வலது பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக. சிறுநீர் தேங்குகிறது. சிறுநீர்ப் பையில் சும்மா இருக்கும் கிருமிக்குச் சிறுநீரகம் வரை ஏற வழி கிடைத்துவிடுகிறது. 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி அறிகுறி இல்லாத கிருமி இருக்கும். அவர்களுக்குச் சிகிச்சை தராமல் விட்டால் 100-க்கு 20 முதல் 35 பேருக்குச் சிறுநீரகத் தொற்றாக மாறும், சிகிச்சை தந்தால் அது 1 முதல் 4-ஆகக் குறையும் என்றுதான் நாங்கள் படித்தோம். அப்படி மாறினால் குழந்தை முன்கூட்டியே பிறக்கிற ஆபத்தும் சேர்ந்து வருகிறது. உன் அத்தையின் ஏழாம் மாதத்தை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை.

இவ்வளவு வருடம் நான் லேபில் இருந்தவள். 1 மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டுக் கிருமி வளர்க்கும் தட்டில் இழுப்போம். மறுநாள் காலையில் அந்தத் தட்டில் 100 காலனி (ஒவ்வொன்றும் ஒரு கிருமியிலிருந்து பெருகிய புள்ளி) இருந்தால், மில்லிக்கு 1 லட்சம் என்று அர்த்தம். மெக்கான்கி என்ற வகைத் தட்டு முழுவதும் ஈ.கோலை என்ற குடல் கிருமி இளஞ்சிவப்பாகப் பரவிக் கிடக்கும். அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் உன்னைப் போலத்தான், "எனக்கு ஒன்றுமே இல்லையே" என்று ரிப்போர்ட் வாங்கிப் போனவர்கள்.

மாத்திரையை விட்டுவிட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் வாங்கி வைத்திருக்கிறாயாம். இதில் எனக்கு வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு. செல்லைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறான ஃப்ரீ ராடிக்கல் என்றால் என்ன என்று எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். நீ வேதியியல் ஆராய்ச்சி முடித்த அன்று அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். நீ சொன்னது சரிதான், கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற வீரியமான ஆக்ஸிஜன் பொருள்களைக் கக்குகின்றன. அது கிருமியோடு நிற்பதில்லை. நம் செல் சவ்வின் கொழுப்பையும் தாக்குகிறது, அந்தச் சேதத்தின் அடையாளமான மாலோன்டையால்டிஹைடு கூடுகிறது, உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளுட்டாதயோன் கரைகிறது. நஞ்சுக்கொடி இருப்பதாலேயே கர்ப்பத்தில் இந்த ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கொஞ்சம் அதிகம், தொற்று வந்தால் அது இன்னும் ஏறும். இவ்வளவும் தெரிந்த நீ, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? கிருமி அங்கேயே இருக்கும்போது கேப்ஸ்யூல் போடுவது, அடுப்பை அணைக்காமல் புகையை விசிறுவது போலத்தான். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைத் தனியாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2016-ல் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதலில்தான், அறிகுறி இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் 7 நாள் ஆன்டிபயாடிக் என்றும் இருக்கிறது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளை நான் சொல்லவில்லை. அதையும் நிறுத்திவிடாதே.

மருந்துக்குப் பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. கர்ப்பத்தில் தவிர்க்கவேண்டிய ஆன்டிபயாடிக்குகள் உண்டு, டெட்ராசைக்ளின் மாதிரி. உனக்குக் கொடுத்தது அந்த ரகம் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் மருந்து. பயமாக இருந்தால் டாக்டரிடம் கேட்டிருக்கலாம், என்னிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை அம்மு? நான் திட்டுவேன் என்றா?

நாளைக்குக் காலையிலேயே டாக்டருக்கு போன் செய். இத்தனை நாள் விட்டுவிட்டேன் என்று மறைக்காமல் சொல். மிச்சத்தைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்று அவர் சொல்லட்டும், நீயாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. முழுக் கோர்ஸையும் முடி. முடித்த பிறகு திரும்பக் கல்ச்சர் எடுக்கவேண்டும், அதை அவர் சொல்ல மறந்தாலும் நீ கேள். சாம்பிள் கொடுக்கும்போது சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடி. பிடித்ததை வீட்டிலேயே வைத்திருக்காமல் சீக்கிரம் லேபில் கொடு, வெளியே இருக்க இருக்கக் கிருமி பெருகி எண்ணிக்கை தப்பாகக் காட்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, இடுப்புக்கு மேலே முதுகின் பக்கவாட்டில் வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. விடியட்டும் என்று காத்திருக்காதே. தண்ணீர் குடி. மாத்திரையை முழுதாக முடி.

மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, நான் விடாமல் கேட்டதால்தான் அவர் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் காலனி எண்ணிக்கை இருக்கிற பக்கத்தை படமெடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா