மருமகள் சொன்ன "சரி"

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று அவசரப்படுத்துகிறாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்தில் நீ இருக்கும் இப்ஸ்விச்சை விட்டுவிட்டு உள்ளே ஒரு கிராமத்தில் டாக்டர் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாய். "அவகிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டா" என்றாய். அந்தச் "சரி" எனக்கு இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது.

போன வருஷம் லாவன்ஹாம் போகிற வழியில் ஹிட்சம் என்ற ஊரில் காரை நிறுத்தச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தேவாலயத்து ஈரப்புல்லில் நடந்து அம்மாவுக்குக் காலுறையெல்லாம் நனைந்து, திரும்புகிற வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஹென்ஸ்லோ கல்லறை என்றேன். யாரென்று நீ கேட்டதற்கு "டார்வினுக்கு வாத்தியார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் அப்படி முடித்திருக்கக் கூடாது. மீதியை இப்போது சொல்கிறேன்.

1831ல் நீண்ட ஆய்வுப் பயணம் கிளம்பவிருந்த பீகிள் கப்பலுக்கு இயற்கையியல் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேம்பிரிட்ஜுக்குத் தகவல் வந்தது. முதலில் நினைத்தது ஹென்ஸ்லோவின் மைத்துனர் ஜெனின்ஸை. அவர் துணிமணி கட்டுகிற அளவுக்குப் போய், பாதிரியார் பொறுப்பை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்டார். பிறகு ஹென்ஸ்லோவுக்கே ஆசை வந்தது. அப்போது அவர் தாவரவியல் பேராசிரியர், வயது 35, வீட்டில் சின்னப் பிள்ளைகள். மனைவி ஹாரியட், அவர் கேட்பதற்கு முன்னாலேயே போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆனால் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மனுஷன் அந்த இடத்திலேயே போகவில்லை என்று முடிவு பண்ணிவிட்டார். அதற்கப்புறம்தான் 22 வயது மாணவன் ஒருவன் பேரைச் சொல்லி அனுப்பினார். ஒரு முகம் வாடியதால் டார்வினுக்குக் கப்பல் கிடைத்தது என்றால் மிகைதான், ஆனால் ரொம்பப் பெரிய மிகை இல்லை. இதை எழுதி வைத்திருப்பதும் டார்வினேதான், ஒரு கடிதத்தில்.

ஆறு வருஷம் கழித்து, 1837ல், ஹிட்சம் பாதிரியார் பதவி ஹென்ஸ்லோவுக்குக் கிடைத்தது. 1839ல் குடும்பத்தோடு அங்கேயே குடிபோனார்கள். ஏன் போனார் என்பதற்குப் பக்தி, சேவை என்று சொல்வார்கள். இருக்கட்டும். பேராசிரியர் சம்பளம் சொற்பம். வீட்டில் மாணவர்களுக்கு மணிக்கணக்காகப் பாடம் சொல்லித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹிட்சமில் ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் வருமானம். அந்த ஊர்க் கூலிக்காரனுக்கு வாரத்துக்கு எட்டு ஒன்பது ஷில்லிங், அதாவது ஆண்டு முழுக்க இருபத்துச் சொச்சம் பவுண்டு. அவர் வந்தபோது பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம்கூட இல்லை. ரயில் பக்கத்து ஸ்டோமார்க்கெட்டுக்கு வந்ததே 1846ல்.

ஹாரியட்டை நினைத்துப் பார். கேம்பிரிட்ஜில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் மாணவன், பேராசிரியர் என்று பேதமில்லாமல் அவர்கள் வீட்டில் கூடிப் பேசுவார்கள். வருகிறவர்களை வரவேற்று உபசரித்தவள் அவள். ஹிட்சமில் யாரோடு பேசியிருப்பாள்? இந்தத் தடவை அவர் அவள் முகத்தைப் பார்த்தாரா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவருக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. ஊர்ச் சனங்களை ஈர்க்கப் பாதிரியார் வீட்டுப் புல்வெளியில் வாணவேடிக்கை விட்டார் என்றால் பார்த்துக்கொள். கூலிக்காரர்களுக்குச் சின்னச் சின்னத் துண்டு நிலம் ஒதுக்கிக்கொடுத்தார். பண்ணைக்காரர்களுக்கு வந்ததே கோபம், நிலம் வாங்குகிறவனுக்கு வேலை கிடையாது என்று ஒன்றுகூடித் தீர்மானம் போட்டார்கள். மனுஷன் அசையவில்லை. ரயில் வந்த பிறகு ஊர்க்காரர்களைக் கும்பலாக வெளியூருக்குக் கூட்டிப்போனார். 1854ல் கேம்பிரிட்ஜையே காட்டினார்.

எனக்குப் பிடித்தது அவருடைய பள்ளிக்கூடம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைகளில் தாவரவியல். விருப்பமிருந்தால் வரலாம், ஆனால் சேருவதற்கு முன்னால் மோனோகாட்டிலிடன், டைகாட்டிலிடன், ஆஞ்சியோஸ்பெர்மஸ் மாதிரி சொற்களைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டிக் காட்ட வேண்டும். வயற்காட்டில் குருவி விரட்டுகிற பிள்ளை "ஆஞ்சியோஸ்பெர்மஸ்" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வதைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு ஒருவித்திலை, இருவித்திலை என்று எவ்வளவு லேசாகக் கொடுத்தோம், அதிலேயே பாதிப் பேர் தப்பு விடுவான்கள்.

வீட்டுப் பிள்ளைகளும் சோடை போகவில்லை. ஆன் தாவரப் படங்கள் வரைவதில் பேர் எடுத்தாள். ஜார்ஜ் அப்பாவைப் போலப் பாதிரியாரும் தாவரவியலாரும் ஆனான். மூத்தவள் பிரான்சிஸ் பின்னாளில் ஒரு பெரிய பிரெஞ்சு தாவரவியல் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தாள். அவளுக்கு ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாரோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவர் செடி சேகரிக்க இமயமலைக்குப் போய், 1849ல் சிக்கிமில் சில வாரம் பிடித்து வைக்கப்பட்டார். அந்தச் செய்தி ஹிட்சம் வீட்டுக்கு எத்தனை நாள் கழித்து வந்ததோ, அதுவரை இந்தப் பெண்ணும் தாயும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். 1851ல் கல்யாணம் நடந்தது. ஹாரியட் 1857ல் போனாள், ஹென்ஸ்லோ 1861ல். இருவரும் அந்த ஊர் மண்ணில்தான்.

அப்பா ஏன் இதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ சின்னவனாக இருந்தபோது பதவி உயர்வு என்று மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கினேனே, அப்போது உன் அம்மா "சரி, உங்க இஷ்டம்" என்றாள். நான் "சரி"யை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். கீழே அவள் நடத்தி வந்த தையல் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த மிஷினை நான்தான் மூட்டை கட்டினேன். மேலே போய் நான்கு வருஷமும் அதைப் பிரிக்கவே இல்லை என்பதைக் கீழே இறங்கும்போதுதான் கவனித்தேன், கயிறு நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

உன் வேலை நல்ல வேலைதான். டாக்டர் இல்லாத ஊருக்குப் போகிறவனை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று விசாரித்தாயா? அவளுடைய லேப் வேலை என்ன ஆகும்? வீடு பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போ. நீ கூரையையும் குழாயையும் பார்க்காதே, அதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வான். நீ அவளைப் பார். மனசு ஒப்பாது போல் தெரிந்தால், அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்காதே.

நாரத்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. பாதி மருமகளுக்கு, கலக்காமல் கொடு.

அம்மா இதைப் படித்துவிட்டாள். மிஷின் கதை வரும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. "காலுறை நனைஞ்சதை எல்லாமா எழுதுவீங்க" என்று மட்டும் கேட்டாள்.

அன்புடன்,
அப்பா