கெடு இல்லாத வேலைகள்

அன்புள்ள மகளுக்கு,

"வாரத்துக்குச் சில மணி நேரம்தானே வகுப்பு, மீதி நேரத்தில் என்ன செய்கிறாய்?" என்று ஒருவர் கேட்டதாகவும், பதில் சொல்ல வராமல் பேச்சை மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். இத்தனை காலம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எனக்கே அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வராது. வெளியில் இருப்பவர்கள் கண்ணில் படுவது வகுப்பு மட்டும்தான். புதிய பாடம் ஒன்றை முதல்முறை நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்பு முந்தைய நாள் மாலையை முழுசாக விழுங்கிவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, மதிப்பெண் குறைந்ததென்று வருபவருக்குப் பொறுமையாக விளக்குவது, எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை.

வேலை அதிகம் என்பதைவிட, கேட்பவர்கள் பல பேர் என்பதுதான் உன்னை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். மாணவருக்கு நீ ஆசிரியர். ஆய்விதழுக்கு நீ, வருகிற கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டாளர். துறைத்தலைவருக்கு நீ குழு உறுப்பினர். ஆய்வுக்குப் பண உதவி தருகிறவர்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர். ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் கேட்பது நியாயமாகவும் சின்னதாகவும்தான் இருக்கும்.

கற்பிப்பதும் ஆய்வும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் மேல்தான் பிரஷ்ய அறிஞர் வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட்டின் முயற்சியில் 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த எண்ணத்தை நான் இன்றும் நம்புகிறேன். தானே ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர் வகுப்பில் பேசும்போது அதில் ஒரு உயிர் இருக்கும். மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டோடு அறிக்கைகளும் படிவங்களும் கூட்டங்களும் வந்து சேர்ந்துகொண்டன. அவற்றுக்கெல்லாம் கெடு உண்டு. யோசிப்பதற்குக் கெடு கிடையாது. கெடு உள்ள வேலை கெடு இல்லாத வேலையைத் தின்றுவிடும். இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைத்தேன்.

உன் ஆய்வு மாணவர் கொடுத்துவிட்டுப் போன அத்தியாய வரைவையே எடுத்துக்கொள். அதற்குக் கெடு வைத்தவர் யாரும் இல்லை. அவரும் தயங்கித் தயங்கி ஒரு தடவை கேட்பார், அப்புறம் கேட்கமாட்டார். ஆனால் அவருடைய உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். உனக்கு அது மேசையில் கிடக்கும் ஒரு கோப்பு. அவருக்கோ அடுத்த அத்தியாயத்தைத் தொட முடியாத ஒரு மாதம். அதனால் அறிக்கை ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, வரைவைப் படித்துக் கொடுத்துவிடு. துறைத்தலைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உன் சொந்த ஆய்வும் அப்படித்தான் தள்ளிப்போகிறது. கட்டுரை எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற பதற்றம் எனக்குப் புரிகிறது. ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் ஹெச்-குறியீட்டை இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தது 2005இல்தான். இப்போது பதவி உயர்வுப் பேச்சு வந்தாலே அந்த எண்ணும் கூடவே வருகிறது. ஹிக்ஸ் துகள் பற்றிய கட்டுரைகளை 1964இல் எழுதிய இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், 2013இல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில், இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்றார். அவர் அதிகம் எழுதியவர் அல்ல. எல்லாரும் ஹிக்ஸ் ஆக முடியாது, சரி. ஆனாலும் எளிதில் முடியும் கட்டுரைகளை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால், உன்னை இந்தத் துறைக்கு இழுத்துவந்த அந்தக் கடினமான கேள்வி அப்படியே கிடக்கும். வாரத்தில் ஒரு முற்பகலையாவது அதற்கென்று ஒதுக்கு. அதை நாட்குறிப்பில் வகுப்பு மாதிரியே எழுதிவை. "அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்தால், முடியாதென்று தோன்றும்போது அன்றைக்கே சொல்லிவிடு. ஒப்புக்கொண்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பக்கம் காத்திருப்பதும் உன்னைப் போன்ற ஒருவர்தான். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் அவசரமாக எழுதாதே. உனக்கு அது அரை மணி நேரம். அந்த மாணவருக்கு அடுத்த சில வருடங்கள் அதில் இருக்கலாம்.

குழு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இரு. துறையின் உள்வேலைகள் பெண்கள் தலையில்தான் கூடுதலாக விழுகின்றன என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நானும் அதைக் கண்ணால் பார்த்தவள். மாணவர் நலம், வரவேற்பு, விழா ஏற்பாடு என்றால் முதலில் உன் பெயரைத்தான் சொல்வார்கள். அழுது வருகிற மாணவியும் உன் அறைக் கதவைத்தான் தட்டுவாள். அவளுக்குக் கதவைத் திற, அதில் கணக்குப் பார்க்காதே. விழாக் குழுவுக்கு "இல்லை" என்று சொல்லலாம். இல்லையென்றால், "இதை எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு எதை விடட்டும்?" என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்த பருவத்துக்கான குழுப் பட்டியல் தயாராவதற்கு முன்னால் துறைத்தலைவரிடம் போய்ப் பேசிவிடு. பட்டியல் வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா